கடைமடை வீட்டுக்கும் சிக்னல் போய்ச் சேரணும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் களக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது. ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டவும்.)

 

இன்றைக்கு நாம் பேசப்போகும் விஷயம் உங்களுக்கே தெரியும். நம் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கேபிள் வழியாக இணைய இணைப்பு வந்துவிட்டது. அது அலுவலகத்து மேசையோடு நின்றுவிடக் கூடாது, எல்லாக் குக்கிராமத்திலும் குழு கூடுகிற இடம் வரைக்கும் வரணும் என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். நியாயமான கோரிக்கை. குழுக் கணக்கைச் செல்போனில் ஏற்றுவதற்குக் கரட்டு மேல ஏறி நிற்கிற ஊக்குநர் நம்மிடம் இருக்கிறார். வங்கியில் பணம் ஏறிச்சா இல்லையான்னு பார்க்க பஸ் ஏறிப் போகிற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது வீட்டில் நடக்கிற பதற்றமும் நமக்குப் புதிதில்லை.

இதற்காக ஒரு விலைப்புள்ளி வந்திருக்கிறது. எட்டுப் பெட்டி வைத்தால் எல்லா ஊருக்கும் சிக்னல் வந்துவிடும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பணம் எங்கிருந்து? நம் பொது நிதியிலிருந்து. கடனாகப் போனால் வட்டியோடு திரும்பி வரும் பணம் அது. பெட்டியாக மாறிவிட்டால் பெட்டி வேலை செய்தால்தான் நமக்குப் பலன். அதனால்தான், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாம் எல்லோரும் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பொறுப்பாளர்களிடம் நேரம் கேட்டு வாங்கினோம்.

மெஷ் என்றால் என்ன?

மெஷ் என்றால் வலை. வீட்டில் இருக்கும் சாதாரண வைஃபை பெட்டி, அதாவது ரூட்டர், தன்னைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் சிக்னல் தரும். மெஷ் முறையில் ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் காற்று வழியாகவே தகவலைக் கொடுக்கும். அது அதற்கடுத்த பெட்டியிடம் கொடுக்கும். தெருத் தெருவாகக் குழி தோண்டிக் கேபிள் போட வேண்டியதில்லை. நடுவில் ஒரு பெட்டி நின்றுபோனால், வேறு பெட்டி எட்டும் தூரத்தில் இருக்கும்பட்சத்தில் அதன் வழியாகச் சுற்றிப் போகும். நல்ல முறைதான். உலகத்தில் பல ஊர்களில் மக்களே இதை அமைத்து நடத்துகிறார்கள்.

ஆனால் "பெட்டி அதிகம் வச்சா வேகமும் அதிகம் வருமே" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கேதான் கவனம் வேண்டும். பெட்டி அதிகமானால் சிக்னல் போகிற தூரம் அதிகமாகும். வேகம் அதிகமாகாது. பல நேரம் குறையும்.

கை மாற மாறக் குறையும்

வீட்டுக்குக் காங்கிரீட் போடும்போது நாம் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றுவோம் இல்லையா? ஒருவர் சட்டியை வாங்கும்போது கொடுக்க முடியாது. கொடுக்கும்போது வாங்க முடியாது. ஒரே ஒரு ரேடியோ உள்ள மெஷ் பெட்டியும் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒன்று கேட்கும், இல்லாவிட்டால் பேசும். அதனால் ஒரு கை கூடுதலாகத் தாண்டினால் வேகம் பாதியாகிவிடும். மூன்றாவது கைக்கு மூன்றில் ஒரு பங்குதான்.

அது போதாதென்று இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாப் பெட்டியும் ஒரே அலைவரிசையில் பேசினால், பக்கத்துப் பெட்டி பேசி முடிக்கும் வரை இது வாயை மூடிக்கொண்டு இருக்கணும். நம் குழுக் கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மினிட் புத்தகம் எழுதுபவருக்கு எதுவும் காதில் விழாது, மறுபடியும் சொல்லச் சொல்லுவார். பெட்டிகளும் அதேபோல மோதிக்கொண்டு, சொன்னதையே திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்கும்.

இது வெறும் கணக்கு இல்லை, அளந்து பார்த்த விஷயம். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'ரூஃப்நெட்' என்ற மெஷ் வலையை அமைத்தார்கள். 37 பெட்டிகள். யார் வீட்டில் இடம் கொடுத்தார்களோ அங்கே வைத்தார்கள். எங்கே வைத்தால் நல்லது என்று திட்டமிடவில்லை. இப்படித் திட்டம் இல்லாமல் வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதே அந்த ஆய்வின் நோக்கம். 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி வேகம் வினாடிக்கு இவ்வளவு:

• ஒரே கை: 2,451 கிலோபிட்
• இரண்டு கை: 771 கிலோபிட்
• மூன்று கை: 362 கிலோபிட்
• நான்கு கை: 266 கிலோபிட்

நம் பாஷையில் சொன்னால், முதல் கைக்கு ஒரு ரூபாய் கிடைத்தால் இரண்டாவது கைக்கு 31 பைசா, மூன்றாவது கைக்கு 15 பைசா, நாலாவது கைக்கு 11 பைசா! அது பழைய தலைமுறைக் கருவி. இன்றைய கருவிகளின் வேகம் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் கை மாற மாறக் குறையும் என்பது இன்றைக்கும் மாறவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்க. அந்த 11 பைசா யாருக்குப் போகும்? வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு. நம் ஊராட்சியில் வரிசையின் கடைசி எது? குழாய்த் தண்ணீர் கடைசியாக எட்டிய இடம், தெருவிளக்கு கடைசியாக எரிந்த இடம், நம் காலனிதான். வாய்க்கால் பாசனத்தில் இதைக் கடைமடை என்கிறோம். தலைமடைக்காரர் வயல் நிறைந்த பிறகுதான் கடைமடைக்குச் சொட்டும். சந்தா எல்லாக் குழுவும் சமமாகக் கட்டுகிறோம். சிக்னல் மட்டும் சிலருக்கு ரூபாயாகவும் சிலருக்குப் பைசாவாகவும் போகலாமா?

அதனால் எங்கள் கருத்து இதுதான்: திட்டத்தை அலுவலகத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைமடையிலிருந்து தொடங்குங்கள்.

கடைமடையிலிருந்து திட்டம்

எப்படித் தொடங்குவது? ஒரு தாளில் ஊர் வரைபடம் போடுங்கள். பங்கேற்பு மதிப்பீட்டுப் பயிற்சியில் தரையில் கோலப்பொடியால் ஊர்ப்படம் போட்டோமே, அதுபோலவே போடலாம். அலுவலகம், பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, கோயில், தோப்பு, குழு கூடும் இடங்கள் எல்லாம் வரட்டும். பிறகு மிகத் தூரத்தில் இருக்கும் குழுவின் மேல் விரலை வையுங்கள். "இங்கிருந்து அலுவலகத்துக்கு எத்தனை கை?" என்று எண்ணுங்கள்.

வந்திருக்கும் விலைப்புள்ளியில் இருக்கிற படத்தை வைத்து எண்ணிப் பார்த்தோம். அலுவலகம், கடைத்தெரு, கோயில், குளத்தங்கரை, காலனி என்று நாலு கை வருகிறது. இதே காலனிக்கு வேறு வழி உண்டா? உண்டு. தண்ணீர்த் தொட்டியின் மேலே நின்றால் அலுவலகமும் தெரிகிறது, காலனிச் சமுதாயக்கூடத்து மாடியும் தெரிகிறது. அலுவலகத்திலிருந்து தொட்டிக்கு ஒன்று, தொட்டியிலிருந்து காலனிக்கு ஒன்று என்று திசை பார்த்து அனுப்பும் ஆன்டெனா வைத்தால் நாலு கை இரண்டு கையாகக் குறையும். தொட்டியில் ஒன்றுக்கு இரண்டு ரேடியோ வைத்து, வேறு வேறு அலைவரிசை கொடுத்தால் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். அங்கே வேகம் பாதியாகாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட தூரத்துக்கு நேரடி இணைப்பு என்பது நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2005, 2006 ஆண்டுகளில் கிராமக் கண் பரிசோதனை மையங்களை வைஃபை மூலம் மருத்துவமனையோடு இணைத்தார்கள். கிராமத்து மக்கள் தங்கள் ஊர் மையத்தில் உட்கார்ந்தபடியே வீடியோவில் டாக்டரோடு பேசினார்கள். பல கிலோமீட்டர் தூரம்! உயரமான கம்பம், திசை பார்த்த ஆன்டெனா, நடுவில் தடையில்லாத பாதை. இந்த மூன்றும் இருந்ததால் முடிந்தது.

இன்னொரு வழியும் உண்டு. வாய்க்காலுக்குத் தலைமதகு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ இணைய இணைப்பு இருந்து, அதைப் பகிர்ந்துகொள்ள அனுமதியும் கிடைத்தால், அந்தப் பக்கத்துக் குக்கிராமங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் கை குறையும். நான்கு பெட்டி கூடுதலாக வாங்குவதைவிட இன்னொரு இணைப்புக்கு மாதக் கட்டணம் கட்டுவது லாபமாக இருக்கலாம். இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஊரை நடந்து பாருங்கள்

வரைபடம் போட்ட பிறகு நடக்க வேண்டும். குழுவுக்கு ஒருவர் வாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து கூகுள் படத்தில் பார்த்தால் மரத்தின் உயரம் தெரியாது. நடக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கண்ணுக்குத் தெரிகிறதா? ஒரு ஆன்டெனா வைக்கும் இடத்திலிருந்து அடுத்த இடம் நேராகத் தெரிய வேண்டும். ஒருவர் கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் திருப்பி அடித்தால் எதிர்ப்பக்கம் பளிச்சென்று தெரியும். சுலபமான சோதனை.

2. தெரிந்தால் மட்டும் போதாது. சிக்னல் நூல் பிடித்த மாதிரி மெல்லிசாகப் போகாது. இருமுனையும் ஒடுங்கி, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் மாதிரி பரவிப் போகும். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் அனுப்பினால், நடுப்பகுதியில் அந்த வெள்ளரிக்காய் நேர்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் சுமார் 5.5 மீட்டர் பருத்திருக்கும். அதில் 60 சதவீதமாவது, அதாவது சுமார் 11 அடியாவது, மரம் மட்டை கூரை எதுவும் இல்லாமல் இருக்கணும்.

3. தென்னந்தோப்பு, புளியமரம், வேப்பமரம். இலையில் தண்ணீர் உண்டு. தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம். மாசி மாதத்தில் இலை உதிர்ந்தபோது பார்த்துவிட்டு, "நல்லா வருதே" என்று ஏமாறக் கூடாது. மரம் வளரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. தகரக் கூரை, இரும்பு கிராதி, கான்கிரீட் சுவர். இவை பெரிய தடை. தண்ணீர்த் தொட்டியே தடைதான். ஆகவே தொட்டியின் எந்தப் பக்கத்துக்கு சிக்னல் போக வேண்டுமோ அந்தப் பக்கத்து ஓரத்தில்தான் ஆன்டெனா வைக்க வேண்டும். தொட்டிக்கு ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பயிற்சி பெற்றவர்தான், பாதுகாப்புப் பெல்ட் போட்டுத்தான் ஏற வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

5. எண்ணைப் பாருங்கள். சிக்னல் பலத்தைக் காட்டும் இலவசச் செயலிகள் செல்போனில் கிடைக்கும். அதில் மைனஸ் போட்டு ஒரு எண் வரும். மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 65 வரை நல்லது. மைனஸ் 80 என்றால் உபயோகமில்லை. மைனஸ் என்பதால் எண் சிறிதாக இருந்தால்தான் பலம். குழம்ப வேண்டாம்.

நடந்து பார்த்த பிறகு, இரண்டே இரண்டு கருவியை ஒரு வாரத்துக்குச் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். புடவை எடுக்கும்போதே பிரித்து வெளிச்சத்தில் பார்த்துத்தானே எடுக்கிறோம்?

எந்த அலைவரிசை?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரையும் இலையையும் ஓரளவு தாண்டும். எல்லா செல்போனும் அதைப் பிடிக்கும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்து வீட்டு வைஃபை, கடைக்காரர் வைஃபை எல்லாம் அதே மூன்றுக்குள் நெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் சேனல் நிறைய, நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரும் மரமும் அதைச் சீக்கிரம் தடுத்துவிடும்.

ஆகவே நல்ல ஏற்பாடு எது? பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே, உயரத்தில், தடையில்லாத இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ். பெட்டிக்கும் நம் செல்போனுக்கும் நடுவே 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டும் தனித்தனி ரேடியோவாக இருக்க வேண்டும். விலைப்புள்ளியில் 'இரண்டு ரேடியோ' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. இதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

சட்டப்படி இதற்கு அனுமதி உண்டா என்று சில உறுப்பினர்கள் கேட்டீர்கள். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 2005-இலும், வெளியிடங்களில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 2018-இலும் உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. குறிப்பிட்ட சக்திக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் நாம் வாங்கிய இணைப்பைப் பிறருக்குக் கொடுப்பது வேறு விஷயம். இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்திடம் அதற்கு எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். பொதுமக்களுக்கு வைஃபை வழங்க 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'பி.எம். வாணி' திட்டத்தில், சிறு கடைக்காரர்கூட உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை மையம் நடத்த வழி உண்டு. நம் கூட்டமைப்புக்கு அது பொருந்துமா என்று விசாரித்து அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

எத்தனை நல்ல வலை அமைத்தாலும், அலுவலகத்துக்கு வரும் இணைப்பைவிட அதிகம் யாருக்கும் வராது. ஆகவே தேவையை முதலில் கணக்கிடுங்கள். மொத்த உறுப்பினர் எத்தனை என்பது இங்கே கேள்வி இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உபயோகிப்பார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு உதாரணம். சாயங்காலம் ஏழு மணிக்குக் காலனியில் நாலு பேர் வீடியோவில் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 1.5 மெகாபிட் என்றால் 6 மெகாபிட். குழுக் கணக்கு ஏற்றுவது, பிள்ளைகள் பாடம் பார்ப்பது என்று இன்னொரு 4 மெகாபிட். ஆக மொத்தம் 10. ஒரே ரேடியோவில் மூன்று கை தாண்டி 10 மெகாபிட் போய்ச் சேர வேண்டுமென்றால், ஒவ்வொரு இணைப்பும் தனியாகக் குறைந்தது 30 மெகாபிட் தாங்க வேண்டும். அதுவும் மோதல் இல்லாத நல்ல நாளில். பெட்டியின் அட்டையில் 300 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெட்டிகள் காற்றில் பேசுகிற உச்ச வேகம். கைக்கு வருவது அதில் பாதி, பல நேரம் அதற்கும் கீழே.

இன்னொன்று. ஓரத்தில், சிக்னல் மங்கலான இடத்தில் இருந்துகொண்டு ஒருவர் படம் பார்த்தால், அவருடைய செல்போன் மெதுவாகப் பேசும். மெதுவாகப் பேசுகிறவர் கூட்டத்தின் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொள்வது போல, அந்த ஒரு போன் எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே குழு கூடும் இடத்தில் சிக்னல் நன்றாக இருக்கும்படி வைப்பதும், குழு வேலை நடக்கும் நேரத்தில் படம் பார்ப்பதற்கு அளவு வைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. உள்கடனுக்கு விதி வைத்த நமக்கு இதற்கு விதி வைக்கத் தெரியாதா?

மின்சாரம்தான் முதல் எதிரி

தேனி வலையையும், இமாசலப் பிரதேசத்தில் தர்மசாலா மலைப்பகுதியில் 'ஏர்ஜல்தி' அமைத்த வலையையும் ஆராய்ந்தவர்கள் 2008-இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். வைஃபை கருவி தானாகக் கெட்டுப்போனதைவிட, சீரில்லாத மின்சாரத்தால் கெட்டதுதான் பெரும் தொல்லை என்று. வோல்டேஜ் ஏறி இறங்கினால் பெட்டி எரியும், இல்லாவிட்டால் பாதியில் மயங்கி நிற்கும். தர்மசாலாவில் இன்னொரு தொல்லை, குரங்குகள் ஆன்டெனாவிலும் கேபிளிலும் தொங்கும்! நமக்கு அணிலும் எலியும் இருக்கின்றன. கேபிளைக் குழாய்க்குள் விடுவது நல்லது.

ஒரு பெட்டிக்குச் சுமார் 10 வாட் என்று வைத்தால், நாள் முழுக்க ஓடினால் மாதம் 7 யூனிட் சொச்சம். பெரிய செலவில்லை. ஆனால் கரண்ட் போனால்? 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 84 வாட் மணி. கணக்குப்படி எட்டு மணி நேரம். பேட்டரியை முழுக்கக் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் நாலு மணி நேரம்தான் நம்பலாம். நம் பகுதியில் கரண்ட் எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு மாதம் நோட்டில் குறித்துவிட்டுப் பேட்டரியோ சோலாரோ வாங்குங்கள். உயரத்தில் வைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் நல்ல எர்த்தும் இடிதாங்கியும் வேண்டும். நடுவில் இருக்கும் பெட்டிக்குத்தான் பெரிய பேட்டரி தேவை. அது அணைந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் இருட்டு.

இதில் வீட்டு விஷயமும் இருக்கிறது. பெட்டி வைத்த வீட்டில் ராத்திரி "எதுக்கு வீணா ஓடுது" என்று சுவிட்சை அணைத்துவிட்டால், கடைமடைக் காலனியில் பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்குச் சிக்னல் போய்விடும். பெட்டி வைக்கும் வீட்டாரோடு முன்கூட்டியே பேசுங்கள். கரண்ட் செலவைக் கூட்டமைப்பு கொடுக்கும், பெட்டியை அணைக்கக் கூடாது, பழுது பார்க்க வருகிறவரை உள்ளே விடவேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆண்களிடமும் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மாடி அவர்களுடையதும்தானே.

யார் பார்த்துக்கொள்வது?

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் மன்கோசி என்ற கிராமப்பகுதி. அங்கே ஊர் மக்களே, மேற்கு கேப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, சோலாரில் ஓடும் மெஷ் பெட்டிகளைத் தங்கள் வீடுகளில் வைத்தார்கள். அதே சோலார் மின்சாரத்தில் ஊராருக்குச் செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்து வருமானமும் பார்த்தார்கள். 2014-இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். சங்கத்தின் பெயர் ஜென்ஸெலேனி. அவர்கள் மொழியில் "நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்று பொருள்.

நமக்கும் அதுவே பாடம். பெட்டி விற்றவர் தூரத்து டவுனில் இருப்பார். விளக்கு எரிகிறதா, கேபிள் கழன்றிருக்கிறதா, அணைத்துப் போட்டால் சரியாகிறதா, எண் எவ்வளவு என்று பார்க்க நம் ஊரில் ஆள் வேண்டும். குக்கிராமத்துக்கு ஒருவர், பத்தாம் வகுப்பு படித்த உறுப்பினரோ உறுப்பினரின் மகளோ போதும். மூன்று நாள் பயிற்சிக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். வாரம் ஒரு முறை எண்ணைக் குறிக்க ஒரு நோட்டு. சேமிப்பு நோட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

தீர்மானத்தில் எழுத வேண்டியவை

சகோதரிகளே, இன்றைக்கே வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சொல்லவில்லை. எல்லாக் குக்கிராமத்திலும் செல்போன் சிக்னலே நன்றாகக் கிடைக்கும் என்று நடந்து பார்த்த பிறகு தெரிந்தால், இந்தச் செலவே வேண்டாம். அதையும் வெளிப்படையாகச் சொல்கிறோம். வாங்குவதாக இருந்தால், தீர்மான நோட்டில் இவை இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்:

1. குழுவுக்கு ஒருவர் சேர்ந்து ஊரை நடந்து பார்த்து, வரைபடம் போட்ட பிறகுதான் விலைப்புள்ளி பேசுவது. குறைந்தது மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குவது.

2. எந்தக் குழுவுக்கும் அலுவலகத்திலிருந்து இரண்டு கைக்கு மேல் போகக் கூடாது. போக வேண்டியிருந்தால் காரணம் எழுத வேண்டும்.

3. பெட்டிகளுக்கு இடையே பேச ஒன்று, செல்போனுக்கு ஒன்று என்று இரண்டு ரேடியோ இருக்க வேண்டும்.

4. பேட்டரி, எர்த்து, இடிதாங்கி, கேபிள் குழாய் எல்லாம் முதல் செலவிலேயே சேர வேண்டும். 'பிறகு பார்க்கலாம்' என்பது கூடாது.

5. மாதக் கட்டணம், கரண்ட், பழுது, ஐந்து வருடத்தில் பேட்டரி மாற்றுவது ஆகியவற்றுக்கு மாதச் சந்தா எவ்வளவு என்று இப்போதே முடிவு செய்வது.

6. கடைசித் தவணைப் பணத்தை, காலனியில் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள், எல்லோரும் உபயோகிக்கும் நேரத்தில், நம் உறுப்பினர்களே அளந்து பார்த்து, பேசின வேகம் மூன்று நாள் தொடர்ந்து வந்த பிறகுதான் கொடுப்பது. அலுவலகத்தில் அளந்து காட்டினால் ஏற்கக் கூடாது.

ஆறாவதை மட்டும் யாரும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அலுவலகத்தில் எப்போதும் வேகமாகத்தான் இருக்கும். தலைமடையில் நின்று பார்த்தால் வாய்க்கால் நிறையத்தான் தெரியும். காலனிக் குழுவின் பிரதிநிதி கையில் இருக்கும் செல்போனில் அளந்து, அவர் கையெழுத்துப் போட்ட பிறகு பணம் கொடுங்கள். அவருக்குக் கிடைத்தால் நடுவில் இருக்கும் எல்லோருக்கும் கிடைத்திருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஊரை நடந்து பார்க்கப் போகிறோம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். தாள், பேனா, ஒரு சின்னக் கண்ணாடி, சார்ஜ் போட்ட செல்போன் எடுத்து வாருங்கள். காலனிச் சமுதாயக்கூடத்தில் கூடி, அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவோம்.